எந்த அளவுக் கத்தி உங்களுக்குச் சரி? தினசரி வேலைக்கும் காட்டுப் பயணத்துக்கும் முழுமையான வழிகாட்டி

கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்விக்கான பதில் பாதி வழியில்தான் கிடைக்கும். முதலில் வேலை, அப்புறம் சட்டம், அப்புறம் உங்கள் கை. நீளம் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை முகாம்களில் பல முறை பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் கத்திகளில் பாதிக்கு மேல் தேவைக்கு மிஞ்சிய அளவில்தான் இருக்கும். சின்னதாக வாங்கிவிட்டுத் தவித்தவர்கள் மிகக் குறைவு.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அலகு என்றால் பிளேடு. வாய் என்பது அதன் வெட்டும் ஓரம், முதுகு என்பது எதிர்ப்பக்கத்து மழுங்கிய ஓரம். மடங்காமல் உறையில் செருகி வைக்கும் கத்தியை உறைக்கத்தி என்கிறேன். விரித்த மடக்குக் கத்தி தானாக மடங்காதபடி அலகைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு பூட்டு.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு ஸ்கேல், கெட்டியான அட்டை, கத்தரிக்கோல், சின்ன நோட்டு, ஒரு வாரப் பொறுமை. கத்தி இன்னும் வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு மடக்குக் கத்தி கிடந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

1. ஒரு வாரம், வெட்டுவதையெல்லாம் எழுதி வையுங்கள்

சமையலறையில் பலகை மேல் வைத்து வெட்டுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனிக் கத்தி இருக்கிறது. பார்சல் டேப், கயிறு, பிளாஸ்டிக் பட்டை, பாதி வழியில் நறுக்கித் தின்னும் பழம், நைந்துபோன துணியின் நூல் என்று வெளியில், மேசையில், வண்டியில் வெட்டியதை மட்டும் எழுதுங்கள். கத்தி இல்லாமல் சாவியாலும் பல்லாலும் சமாளித்ததையும் எழுதுங்கள்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு குறிப்பு போதும்: வெட்டிய பொருளின் தடிமன் எவ்வளவு? முனையால் செய்த வேலையா, வாயின் நடுப்பகுதியால் செய்த வேலையா?

நினைவை நம்பினால் எப்போதோ ஒரு முறை செய்த பெரிய வேலைதான் மனத்தில் நிற்கும். தினமும் நடக்கும் சின்ன வேலை மறந்துவிடும். என் நோட்டில் அந்த வாரம் பதிந்தவற்றில் பெரும்பாலானவை 2 செ.மீ. தடிமன்கூட இல்லாதவை. முனையிலிருந்து 3 செ.மீ. வரையுள்ள பகுதியே அவற்றை முடித்துவிட்டது.

வெளிப்பயணத்துக்கு வேறு பட்டியல் போடுங்கள். கூடார முளை சீவுவது, நெருப்பு மூட்டச் சுள்ளியில் சுருள் சுருளாகச் சீவல் எடுப்பது, கயிறு அறுப்பது, உணவு நறுக்குவது, சிறு விறகு பிளப்பது என்று நீங்கள் நிஜமாகச் செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். விறகு பிளப்பது பட்டியலில் வருகிறதா இல்லையா என்பது பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். அடுப்பும் எரிவாயுவும் சுமந்து போகிறவருக்கு அந்த வேலையே கிடையாது.

2. சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கடைசியில் பார்க்கிறவர்கள் வாங்கிய கத்தியை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க நேர்கிறது. நாட்டுக்கு நாடு விதி வேறு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலமும் வேறு. பிரிட்டனில், பூட்டில்லாமல் மடங்கும், வெட்டும் ஓரம் 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஜெர்மனியில் 12 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள உறைக்கத்தியைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. இரண்டு நாடுகளுமே நீளத்தோடு கத்தியின் அமைப்பையும் பார்க்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பகுதியின் விதியைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: நீள வரம்பு, பூட்டு பற்றிய விதி, அளக்கும் முறை. பிடி முடியும் இடத்திலிருந்து முனை வரை அளப்பது ஒரு வழக்கம், கூர் உள்ள ஓரத்தை மட்டும் அளப்பது இன்னொன்று. பல கத்திகளில் பிடியை ஒட்டி ஒரு செ.மீ. அளவுக்குக் கூர் வைக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் ஒரே கத்தி ஒரு முறையில் வரம்புக்குள்ளும் இன்னொரு முறையில் வரம்பைத் தாண்டியும் நிற்கும். விமானப் பயணம் உண்டென்றால் கத்தி கைப்பையில் போகாது, பதிவுப் பெட்டியில்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இனி பார்ப்பதெல்லாம் அதற்குள்தான்.

3. அலகுக்கு முன்னால் உள்ளங்கையை அளங்கள்

கத்தியைக் கட்டுக்குள் வைப்பது பிடிதான். விரல்முட்டிகளுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரலைச் சேர்க்காமல், நான்கு விரல்களின் குறுக்கே உள்ளங்கையின் அகலத்தை அளங்கள். பெரியவர்கள் பலருக்கு இது 7.5 முதல் 9.5 செ.மீ. வரை வரும். அதோடு 1.5 முதல் 2 செ.மீ. கூட்டினால் உறைக்கத்திக்கான பிடியின் நீளம் கிடைக்கும். 8.5 வந்தால் 10 முதல் 10.5 செ.மீ. கையுறை போடும் குளிர்ப் பகுதிக்குப் போகிறவர் இன்னும் ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

அந்தக் கூடுதல் இடம் எதற்கு? மரம் சீவும்போது பிடியின் பின்முனை உள்ளங்கைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளேயே முடிந்தால், பத்து நிமிடத்தில் சுண்டுவிரல் பக்கத்துச் சதையில் குத்தத் தொடங்கும். அரை மணியில் அங்கே கொப்புளம்.

சின்ன மடக்குக் கத்தியில் மூன்று விரல்தான் பிடிக்கும். டேப், காகிதம், நூலுக்கு அது போதும். அட்டைப் பெட்டிகளை வரிசையாகப் பிரிப்பது, தடித்த கயிறு அறுப்பது போன்ற அழுத்தி இழுக்கும் வேலை உங்கள் பட்டியலில் இருந்தால் நான்கு விரலும் உட்காரும் பிடியைத் தேடுங்கள்.

பருமனையும் பாருங்கள். பிடித்து மூடும்போது நடுவிரல் நுனி உள்ளங்கையின் அடிமேட்டை லேசாகத் தொடுவதும் தொடாததுமாக நிற்க வேண்டும். அழுந்திப் பதிந்தால் பிடி மெலிவு. எட்டாமல் நின்றால் பிடி தடிமன். மெலிந்த பிடியை இறுக்கிப் பிடித்தே கை களைத்துப்போகும்.

4. இப்போது அலகின் நீளம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

நீளம் கூடக் கூட முனை கையை விட்டு விலகிப் போகிறது. அலகின் அடியில், பிடியை ஒட்டி வெட்டும்போது விசை முழுதும் மரத்துக்குப் போகும். முனைப் பக்கம் வெட்டும்போது அதே எதிர்ப்பு மணிக்கட்டைத் திருப்பப் பார்க்கும். பிடித்த கையின் நடுவிலிருந்து கணக்குப் பண்ணுங்கள்: பிடியிலிருந்து 2 செ.மீ. தள்ளி வெட்டினால் தூரம் சுமார் 7 செ.மீ., 10 செ.மீ. தள்ளி வெட்டினால் சுமார் 15 செ.மீ. மணிக்கட்டு தாங்க வேண்டிய திருப்பு விசை இருமடங்குக்கும் மேல்.

ஒரு முகாமில் இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 18 செ.மீ. அலகுள்ள கத்தியோடு வந்தார். கூடார முளைக்கு ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். விரல் தடிமன் குச்சி, அதில் கயிறு உட்கார ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். முனையால் எடுக்க முயன்றார், முனை ஆடியது. அடிப்பகுதியால் எடுக்க முயன்றார், நீண்ட அலகு தொடையை நோக்கித் திரும்பியது. கடைசியில் பிடியை விட்டுவிட்டு அலகின் முதுகை நான்கு விரலால் பற்றிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்தச் சொன்னேன். 9 செ.மீ. கத்தியைக் கையில் கொடுத்ததும் இரண்டு நிமிடத்தில் பள்ளம் தயார். அவர் கையில் குறை எதுவும் இல்லை, கத்தியின் அளவுதான் அந்த வேலைக்குப் பொருந்தவில்லை.

சரி, அளவுகளுக்கு வருவோம்.

3.5 முதல் 6 செ.மீ.: சாவிக்கொத்தில் தொங்கும் கத்திகள். நூல், உறை, டேப். உணவு நறுக்கப் போதாது. அலுவலக மேசையை விட்டு அதிகம் நகராதவருக்கு இதுவே போதும்.

7 முதல் 9 செ.மீ.: தினசரி வேலைக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு. ஒரு ஆப்பிளின் அகலம் ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ. அதைத் தாண்டி முனை கொஞ்சம் வெளியே வந்தால்தான் இழுத்து வெட்ட இடம் இருக்கும். 7.5 செ.மீ. அலகு பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்துவிடும். வெளியில் உணவும் நறுக்குகிறவர் 8.5 பக்கம் போகலாம்.

9 முதல் 12 செ.மீ.: காட்டுப் பயண உறைக்கத்திக்கு உரிய அளவு. இதிலும் 10 செ.மீ.யைச் சுற்றி நில்லுங்கள். ஸ்வீடனின் மோராக்னிவ் தயாரிக்கும் கம்பானியன் கத்தியின் அலகு 10.4 செ.மீ. மரம் சீவ, உணவு நறுக்க, கயிறு அறுக்க என்று மூன்றுக்கும் ஒரே கத்தி ஈடுகொடுக்கும் இடம் இது.

15 செ.மீ.க்கு மேல்: வெட்டிச் சாய்க்கும் வேலைக்கு. இந்த அளவில் எடைதான் வேலை செய்கிறது, நுண்மை போய்விடும். பட்டியலில் புதர் வெட்டுவதோ, கை பருமன் கிளை வெட்டுவதோ இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். அப்படியே இருந்தாலும் மடக்கு ரம்பமும் 10 செ.மீ. கத்தியும் சேர்ந்தால் அந்த வேலையைக் குறைந்த உழைப்பில், பாதுகாப்பாக முடிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. வீசி வெட்டும் கத்தி குறி தவறினால் நேராகக் காலுக்குத்தான் வரும்.

விறகு பிளக்க ஒரு தனிக் கணக்கு உண்டு. கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளப்பார்கள். அப்போது அடிப்பதற்கு முனைப் பக்கம் 3 செ.மீ.யாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிடிப் பக்கமும் ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும். ஆக அலகின் நீளத்தில் 4 செ.மீ. கழித்தால் பிளக்கக்கூடிய விறகின் பருமன் வந்துவிடும். 10 செ.மீ. அலகு 6 செ.மீ. விறகைப் பிளக்கும். நெருப்பு மூட்ட அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

5. விளம்பரத்தில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகளில் 91 மி.மீ. என்றால் அது மடக்கிய நிலையில் முழுக் கத்தியின் நீளம். அலகு 7 செ.மீ. அளவில்தான் இருக்கும். பிரான்சின் ஓப்பினெல் நிறுவனத்தின் எட்டாம் எண் கத்தியில் அலகு 8.5 செ.மீ., எண்ணும் செ.மீ.யும் ஒன்றல்ல. வேறு சிலர் முனையிலிருந்து பிடியின் கடைசி வரை, மொத்த நீளத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அலகின் நீளம், மடக்கிய நீளம், மொத்த நீளம், எடை என்று நான்கையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

6. தடிமன்: நீளத்துக்குச் சமமாக இதையும் பாருங்கள்

முதுகின் தடிமனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரே நீளமுள்ள இரண்டு கத்திகள் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஒரு ஆப்பிளை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். 2 மி.மீ. முதுகுள்ள கத்தி சத்தமில்லாமல் இறங்கும், வெட்டிய முகம் வழவழவென்று இருக்கும். 5 மி.மீ. கத்தி பாதி வரை இறங்கும், அப்புறம் 'டக்' என்று ஆப்பிள் தானாகப் பிளந்துகொள்ளும். அங்கே கத்தி ஆப்பாக மாறிவிட்டது. அட்டைப் பெட்டியிலும் இதே கதைதான்: தடித்த அலகு இரண்டு பக்கமும் அட்டையால் நெரிக்கப்பட்டுச் சிக்கி நிற்கும், நீங்கள் கூடுதலாக அழுத்துவீர்கள், சட்டென விடுபட்டுக் கை முன்னால் பாயும்.

மறுபக்கம், பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் பலம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. தடிமன் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குப் போவதே பெரிய தாவல்.

தினசரி மடக்குக் கத்திக்கு 2 முதல் 3 மி.மீ. காட்டுப் பயணத்துக்கு, விறகு பிளக்காதவருக்கு 2.5. பிளக்கிறவருக்கு 3 முதல் 4. கம்பானியன் கத்தியே 2.5 மி.மீ.யிலும், கடின வேலைக்கென 3.2 மி.மீ.யிலும் வருகிறது. இந்த 0.7 மி.மீ.க்காக அவர்கள் தனி வகையே வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வித்தியாசத்தின் எடை புரியும். 5, 6 மி.மீ. முதுகு நெம்புவதற்கு உதவலாம். வெட்டுவதற்கு அது தடையே.

7. மடக்குவதா, உறையில் போடுவதா

மடங்கும் இடம் எந்தக் கத்திக்கும் பலவீனமான இடம். பூட்டு இருந்தாலும் முதுகில் தட்டுவதையும் பக்கவாட்டில் முறுக்குவதையும் அது தாங்காது. விறகு பிளப்பது பட்டியலில் இருந்தால் உறைக்கத்திதான், வேறு யோசனை வேண்டாம். உணவு நறுக்கிச் சேறும் பழச்சாறும் படும் வேலைக்கும் உறைக்கத்தி நல்லது, கழுவித் துடைத்தால் முடிந்தது. மடக்குக் கத்தியின் உட்பள்ளத்தில் அழுக்கு தங்கிவிடும்.

பாக்கெட்டில் தினமும் இருக்க வேண்டியதென்றால் மடக்குக் கத்தி. மடங்கும் கத்தியில் பிடி அலகை விட நீளமாகவே இருக்க வேண்டும், அலகு உள்ளே ஒளிய வேண்டுமே. அதனால் 9 செ.மீ. அலகு என்றால் பாக்கெட்டில் 11 செ.மீ.க்கு மேல் இடம் பிடிக்கும். இதைக் கணக்கிடாமல் வாங்கி, உட்காரும்போது இடுப்பில் குத்துகிறது என்று வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம்.

8. எடை

ஓப்பினெல் எட்டாம் எண் சுமார் 45 கிராம். அமெரிக்காவின் பக் 110 மடக்குக் கத்தி சுமார் 200 கிராம். அலகு நீளத்தில் வித்தியாசம் ஒரு செ.மீ.தான், எடையோ நான்கு மடங்குக்கு மேல். பித்தளையும் தடித்த எஃகும் அந்த எடையைக் கொண்டுவருகின்றன.

பாக்கெட்டுக்கு 100 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் மாட்டுவதென்றால் உறையோடு சேர்த்து 200 கிராம் வரை நடக்கத் தொல்லை இல்லை. அதைத் தாண்டினால் பைக்குள் போய்விடும். பைக்குள் போன கத்தி தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராது.

9. அட்டையில் வெட்டி நான்கு நாள் சுமந்து பாருங்கள்

இதுவரை வந்த எண்களைக் கொண்டு அட்டையில் கத்தியின் வடிவத்தை வெட்டுங்கள். மடக்குக் கத்தி என்றால் மடக்கிய நீளமும் அகலமும் கொண்ட துண்டு. இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி உண்மையான பருமன் வருமாறு செய்யுங்கள். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், வண்டி ஓட்டுங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள்.

உறைக்கத்திக்கு முழு நீளத்தையும் வெட்டி இடுப்பில் செருகுங்கள். உட்காரும்போது கீழ்முனை நாற்காலியில் இடித்து மேல்முனை விலாவில் குத்துகிறதா? பையின் இடுப்புப் பட்டை அதன்மேல் வருகிறதா? மொத்த நீளம் 22 செ.மீ.யைத் தாண்டும்போது இந்தத் தொல்லைகள் தொடங்குவதைக் கவனித்திருக்கிறேன். அட்டையைப் பார்த்து மனம் மாறியவர்கள், கடைக்குப் போகும்போது ஒரு அளவு குறைத்துத்தான் கேட்கிறார்கள்.

10. கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் முஷ்டியாகப் பிடியுங்கள். அப்புறம் கட்டைவிரலை முதுகின் மேல் வைத்துப் பிடியுங்கள். இரண்டிலும் சுண்டுவிரல் பிடியின் மேல் இருக்க வேண்டும்.

ஆள்காட்டி விரலை, அது பிடியில் உட்காரும் இடத்தில் கத்திக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பாருங்கள். எடை அந்த விரலைச் சுற்றிச் சமமாக நின்றால் நுண்ணிய வேலைக்கு நல்லது. முனைப் பக்கம் சாய்ந்தால் அது வீசி வெட்டும் கத்தி.

மடக்குக் கத்தியை ஒரு கையால், விரல்கள் அலகின் பாதையில் வராமல் மூட முடிகிறதா என்று மெதுவாகச் செய்து பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு கையால் மூடப் பழகுங்கள், அவசரம் வேண்டாம். உறைக்கத்தியை உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். நழுவி வெளியே வந்தால் வேறு கத்தி பாருங்கள். உதறும்போது காலும் கையும் கீழே இருக்கக் கூடாது.

11. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா

நகரத்து வேலையையும் காட்டு வேலையையும் ஒரே கத்தியில் அடக்க நினைத்து 11, 12 செ.மீ. மடக்குக் கத்தி வாங்குகிறவர்கள் உண்டு. அது பாக்கெட்டுக்குப் பெரிது, விறகுக்குப் பலம் போதாது, பல இடங்களில் சட்டத்துக்கும் வெளியே. 7.5 செ.மீ. மடக்குக் கத்தி ஒன்று, 10 செ.மீ. உறைக்கத்தி ஒன்று என்று பிரித்துக்கொள்வதே நல்லது. முதலில் மடக்குக் கத்தியை வாங்குங்கள். அதோடு சில மாதங்கள் பழகிய பிறகு உறைக்கத்தியின் அளவைத் தீர்மானித்தால், ஊகத்துக்கு இடமே இருக்காது.

ஒன்றுதான் வாங்க முடியும், வருடத்தில் ஓரிரு முறைதான் வெளியே போவேன் என்கிறவருக்கு 8 முதல் 8.5 செ.மீ. மடக்குக் கத்தி. விறகு வேலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

12. இரண்டு மாதம் கழித்து வாயைச் சோதியுங்கள்

வாங்கியதோடு வேலை முடிவதில்லை. இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டு, சாணை பிடிப்பதற்கு முன்னால் கத்தியை விளக்கின் கீழ் கொண்டுவாருங்கள். வாய் உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கூரான இடம் வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய இடத்தில் மயிரிழை போல் ஒரு வெள்ளைக் கோடு மின்னும்.

அந்தக் கோடு எங்கெங்கே இருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதுங்கள். முனைப் பக்கம் 3 செ.மீ.யில் மட்டும் மின்னினால் இன்னும் ஒரு செ.மீ. குறைந்த கத்தியே உங்களுக்குப் போதும். பிடியை ஒட்டிய பகுதியிலும் முனையிலும் மின்னி நடுப்பகுதி புதிதுபோல் இருந்தால், நீங்கள் மரமும் சீவுகிறீர்கள், டேப்பும் கிழிக்கிறீர்கள். அங்கே இரண்டு கத்திக்கு வேலை இருக்கிறது. அடியிலிருந்து முனை வரை ஒரே சீராக மின்னுகிறதென்றால் அளவு சரியாக வந்திருக்கிறது. சாணைக்கல்லை எடுங்கள்.